இல்லாத கிளட்ச்

கேட்டைச் சாத்திட்டு வாங்க தம்பி, எதிர்வீட்டு நாய் நுழைஞ்சிரும். ஓமலூர்ல இருந்துதானே? மக போன்ல சொன்னா. அவ பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு விளம்பரம் போடுறா, இங்க பதில் சொல்றது நானு. வண்டி அதோ நிக்குது. பாருங்க, நல்லா குனிஞ்சு பாருங்க. இடது பக்கக் கதவு ரெண்டும் மாத்துனது. வெயில்ல நிறுத்துனா கலர் லேசா வித்தியாசம் தெரியும். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லைங்க.

ஓட்டிப் பார்க்கலாம், ஓட்டிப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு வாய் மோர் குடிங்க. வண்டியைப் பத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். இதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கும் சொன்னேன். ராசிபுரத்துல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு, ஆத்தூர்ல இருந்து ஒரு வாத்தியாரு வந்தாரு. எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க, போன் பண்றோம்னாங்க, போயிட்டாங்க. உண்மையைச் சொன்னா இந்தக் காலத்துல யாரு வண்டி வாங்குறா, சொல்லுங்க.

இது சிவிடி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அன்னைக்குத் தெரியாது. ஷோரூம்காரரு கையை இப்படி விரிச்சு விரிச்சுக் காட்டினாரு. "உள்ள கியரே கிடையாதும்மா. ரெண்டு கப்பி, நடுவுல ஒரு இரும்பு பெல்ட்டு. வேகத்துக்குத் தக்கபடி கப்பி விரியும், சுருங்கும். கியர் மாத்துற வேலையே இல்ல"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கியர் மாத்துற வேலையே இல்லைன்னதும் மூஞ்சி எப்படியோ போயிருச்சு. பொண்ணு பார்க்கப் போன இடத்துல, பொண்ணு பேசாதுன்னு சொன்ன மாதிரி.

ஏன்னா அவரு ஆயுசெல்லாம் கியர் போட்ட மனுசன். ஜவ்வரிசி புரோக்கரு. ஆத்தூரு, ராசிபுரம், நாமக்கல்லுன்னு சேகோ ஆலை ஆலையா ஏறி இறங்குவாரு. டிரைவர் வச்சுக்கங்கன்னா கேக்க மாட்டாரு. அவரு ஓட்டுறப்ப பக்கத்துல உக்காந்தா, கியர் மாறுறதே தெரியாது. மடியில மோர் டம்ளரை வச்சுக்கிட்டு ஏற்காட்டுக்கு ஏறியிருக்கேன் தம்பி, பொய் சொல்லல. ஒரு சொட்டு சிந்தல. வண்டி மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே அதுக்கு என்ன வேணும்னு அந்தக் காலுக்குத் தெரியும். இடது காலுக்கு.

அந்தக் காலைத்தான் எடுத்தாங்க.

சர்க்கரைங்க. புதுச் செருப்பு கடிச்ச புண்ணு. ஆறும் ஆறும்னு இருந்துட்டாரு. கறுத்துப் போனப்புறம் காட்டினா என்ன பண்ணுவாங்க? முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. எங்களுக்குத் திருச்செங்கோட்டுச் சாமிதான் குலசாமி மாதிரி. எங்க வீட்டுக்காரரு பேரே அர்த்தநாரி. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் போர்வையைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாரு. "சாமிக்கு இடப்பக்கம் அம்மா பக்கம். எனக்கும் இனி அப்படித்தான் பாவாயி, இந்தக் கால் வேலையெல்லாம் உன் கணக்கு"ன்னாரு. நர்சம்மா சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

நாலு சுவத்துக்குள்ள அந்த மனுசனை வச்சுப் பார்க்க முடியல தம்பி. புலம்ப மாட்டாரு, அதான் கஷ்டமே. ரோட்டுல லாரி போனா, கியர் மாறுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, "இவன் மாத்த லேட்டு பண்றான்"ம்பாரு. மகதான் சொன்னா, "அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுத்துடலாம்மா, வலது காலு போதும்"னு. லைசென்சையும் அதுக்குத் தக்கபடி எழுதி வாங்கினாரு. வண்டி வந்துச்சு. வந்த அன்னைக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சதுகூட நாந்தான். கீழ நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. நல்லாயிருக்கான்னு கேட்டேன்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா கத்துறது முன்னாடி போவுது பாவாயி, வண்டி பின்னாடி வருது."

அது எப்படின்னா, நீங்க ஓட்டிப் பார்த்தா தெரியும். ஆக்சிலேட்டரை மிதிச்சீங்கன்னா இஞ்சின் சத்தம் ஒரேயடியா மேல போயி அங்கேயே நிக்கும். நிப்பாட்டாம ஒருத்தர் ஒப்பாரி வைக்கிற மாதிரி ஒரே சுதியில நிக்கும். வண்டி அதுக்கப்புறம் மெள்ள மெள்ள வேகம் எடுக்கும். சாதா வண்டியில சத்தம் ஏறும், கியர் மாறும், இறங்கும், திரும்ப ஏறும். நடுவுல ஒரு மூச்சு இருக்கும். இதுல அந்த மூச்சு இல்ல. டவுனுக்குள்ள ஓட்டுறதுக்கு வெண்ணெய் மாதிரி, அதைக் குறை சொல்லக் கூடாது. அஸ்தம்பட்டி சிக்னல்ல நின்னு நின்னு போறப்ப குலுங்காது, இழுக்காது. ஆனா அவருக்கு அந்த மூச்சு வேணும். சத்தம் மேல போயி நின்னதும் காத்துக்கிட்டிருப்பாரு. பக்கத்துல உக்காந்து நான் பார்ப்பேனே. இடது தொடை லேசாத் தூக்கும். இல்லாத பாதம் கீழ அழுத்தும். கை போயி கியர் கம்பியைப் பிடிச்சுக்கும். வாய்க்குள்ள சொல்லுவாரு: "ரெண்டு." கொஞ்ச தூரம் போனதும், "மூணு."

என்னங்க இதுன்னு கேட்டேன் ஒரு நாளு. "காலு போவுது பாவாயி, நானா போறேன்?"ன்னாரு.

கட்டைக் கால் மாட்டியிருந்தா ஒண்ணும் தெரியாது, அதை மாட்டிக்கிட்டு ஓட்ட மாட்டாரு, இடைஞ்சல்னு கழட்டி பின் சீட்டுல போட்டுருவாரு. அதனால முன்னாடி அந்த இடம் வெறுமனேதான் கிடக்கும். ஆனா மனுசன் வெளிய போறாரு, வர்றாரு, சேகோ ஆலைக்காரங்ககூடச் சண்டை போடுறாரு, அது போதும்னு இருந்தேன்.

ஆயில் விசயமும் சொல்லிடறேன், நாளைக்கு நீங்க கேக்கக் கூடாது. இந்த கப்பி பெல்ட்டுக்குன்னு தனி ஆயில். ஒரு சர்வீஸ் சென்டர்ல, "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னாங்க. இன்னொரு இடத்துல, "மாத்தாம ஓட்டுனா பெல்ட்டு போயிரும், மலைக்கு ஏத்துறவங்க சீக்கிரமே மாத்தணும்"னாங்க. இவரு முதல்ல சொன்ன ஆளைத் தேடிப் போயி கேட்டாரு: "ஆயுசுக்கும்னா யாரோட ஆயுசுக்குங்க? வண்டியோடதா, என்னோடதா?" இவரு சிரிச்சுக்கிட்டே வந்துட்டாரு. இப்ப ஆயில் மாத்தியிருக்கு. அவரு போனப்புறம் நானே மாத்தினேன்.

சரி, மலைக்கு வர்றேன்.

கார்த்திகை மாசம். ஏற்காட்டுல அவரு சிநேகிதரு ஒருத்தரு வீடு கட்டிப் பால் காய்ச்சினாரு. பஸ்ல போயிறலாம்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அந்த மலை அவருக்குக் கைரேகை மாதிரி. கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த வளைவு எங்க வரும்னு சொல்லுவாரு. வண்டியை எடுத்தாரு. ஏறும்போது பாதி மலையில டாஷ்போர்டுல விளக்கு ஒண்ணு மின்னுச்சு, வண்டி சவலப்புள்ள மாதிரி ஊர்ந்துச்சு. ஆயில் சூடாயிருச்சாம். ஓரமா நிறுத்தி ஆற வச்சோம். மூடுபனி வேற. குரங்குங்க வந்து பானட் மேல உக்காந்துக்கிச்சு, சூட்டுக்கு. அவரு அதுங்களைப் பார்த்துட்டு, "இதுங்களுக்காவது இந்த வண்டியால ஒரு உபயோகம் இருக்கு"ன்னாரு. அப்புறம் நல்லா ஏறிருச்சு. பால் காய்ச்சினாங்க, சாப்பிட்டோம், மத்தியானத்துக்கு மேல கிளம்பினோம்.

இறங்குறதுதான் தம்பி. ஏத்தம் எந்த வண்டியும் ஏறிரும், இறங்கிப் பார்த்தாத்தான் வண்டி என்ன வண்டின்னு தெரியும்னு அவரே சொல்லுவாரு. சாதா வண்டியில ரெண்டாவது கியரைப் போட்டு விட்டா இஞ்சினே பிடிச்சுக்கும், பிரேக்குக்கு வேலை கம்மி. இதுல ஓட்டுறதுக்குன்னு இருக்கிற டி-யில போட்டுட்டா நைசா வழுக்கிக்கிட்டே போகுது. டி-க்குக் கீழ எல்-னு ஒண்ணு இருக்கு, இறக்கத்துல அதுல போடணும்னு ஷோரூம்காரரு சொல்லித்தான் கொடுத்தாரு. இவருக்குத் தெரியும். மண்டைக்குத் தெரியும். பிரேக்கை மிதிச்சு மிதிச்சே வந்தாரு. ஏதோ கருகுற வாசனை வருதுங்கன்னேன். "பிரேக்கு சூடு, ஒண்ணுமில்ல"ன்னாரு. குரல் ஒண்ணுமில்லாத குரல் இல்ல.

ஒரு வளைவு திரும்பி நேரா ஒரு இறக்கம். இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். கீழே இருந்து பஸ் ஏறி வருது, ஆரன் அடிச்சுக்கிட்டு. பிரேக்கை மிதிக்கிறாரு, பஞ்சை மிதிச்ச மாதிரி உள்ள போவுது. அப்ப பார்த்தேன். தொடை தூக்குச்சு. எப்பவும் மாதிரி லேசா இல்ல, முழுசாத் தூக்கி அழுத்துனாரு. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுச்சு. கை கம்பியைப் பிடிச்சு, நாலுல இருந்து மூணுக்கு முன்னாடி தள்ளுச்சு.

இதுல டி-யில இருந்து முன்னாடி தள்ளுனா என்னன்னு உங்களுக்குத் தெரியுதுல்ல? நியூட்ரல்.

சத்தம் நின்னுபோச்சு தம்பி. அத்தனை நாளா கத்திக்கிட்டே இருந்த வண்டி, வாயை மூடிக்கிச்சு. காத்துச் சத்தம் மட்டும். கட்டு அவுத்த கன்னுக்குட்டி மாதிரி வண்டி ஓடுது. "கிளட்ச் பிடிக்கல, பாவாயி, கிளட்ச் பிடிக்கல"ங்கிறாரு. அங்க கிளட்சும் இல்ல, காலும் இல்ல. ரெண்டும் இல்லைன்னு அந்த நிமிசம் நான் சொல்லல. எனக்கே அங்க ஒரு காலு இருக்குன்னு தோணுச்சு. நடுவுல இருந்த கை பிரேக்கை ரெண்டு கையாலயும் இழுத்தேன். அவரு ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடிச்சாரு. மலைப் பாறையில என் பக்கக் கதவை உரசிக்கிட்டே போயி சாக்கடையில இறங்கி நின்னுச்சு. பஸ்சு தாண்டிப் போயி நின்னு, ஆளுங்க ஓடி வந்தாங்க. எனக்குத் தோள்பட்டையில அடி. அவருக்கு உதட்டுல ரத்தம். அவ்வளவுதான். உயிருக்கு ஒண்ணுமில்ல.

அவரு கீழ குனிஞ்சு அந்த இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தாரு. எல்லாரும் இறங்குங்க இறங்குங்கன்றாங்க. அவரு என்கிட்ட மெதுவா, ஏதோ சத்தியம் பண்ற மாதிரி, "மிதிச்சேன் பாவாயி. நல்லாத்தான் மிதிச்சேன்"னாரு.

வண்டியைச் சரி பண்ணி எடுக்கப் போனப்ப சர்வீஸ் சென்டர்ல ஒரு இஞ்சினியரு. நல்ல பையன்தான், ஆனா வாய். "சார், நீங்க அந்தப் பதட்டத்துல மூணுக்குத் தள்ளாம பின்னாடி ரெண்டுக்கு இழுத்திருந்தீங்கன்னா எல்-ல விழுந்திருக்கும். வண்டியே பிடிச்சிருக்கும்"னான். பழைய பழக்கத்துலயே தப்பிச்சிருப்பீங்கன்றான். அதை எதுக்குத் தம்பி அந்த மனுசன்கிட்ட சொல்லணும்? அதுக்கப்புறம் அவரு சோத்துல கை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. கை மட்டும் இலை ஓரத்துல முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை போகும்.

திரும்ப ஓட்டவே இல்ல. காலையில காபி குடிச்சுட்டுப் போயி வண்டியில உக்காந்துக்குவாரு. ஸ்டார்ட் பண்ண மாட்டாரு. நான் சமையக்கட்டு ஜன்னல்ல பார்ப்பேன். வலி வேற ஆரம்பிச்சுச்சு. பாதம் வலிக்குதுன்னாரு, இல்லாத பாதம். டாக்டரு அதெல்லாம் உண்டும்மா, நரம்புக்கு ஞாபகம்னு மாத்திரை கொடுத்தாரு. ஒரு நாளு சாயங்காலம், "பாதத்தைக் கொஞ்சம் பிடிச்சு விடேன்"னாரு. எதைங்கன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் நானே கட்டில்ல உக்காந்து, வெட்டுன கால் முடியிற இடத்துக்குக் கீழ, போர்வை சமமாக் கிடக்குதே, அங்க பிடிச்சு விட்டேன். வெறும் மெத்தையை. குதிகாலு, வெரலு, உள்ளங்காலு. "அங்கதான்"னாரு. "கொஞ்சம் கீழ"ன்னாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. தினமும் செஞ்சேன். சொன்னா சிரிப்பீங்க, கை சுடும் தம்பி. மெத்தைதானே, எங்க இருந்து சூடு வருது?

தை பிறந்து பொங்கல் வச்சோம். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம் சாய்வு நாற்காலியில படுத்தவரு எழுந்திருக்கல. நெஞ்சு. கூப்பிடப் போனா, தொடை லேசாத் தூக்கின மாதிரியே இருந்துச்சு.

வண்டியை வித்துடலாம்னு மக சொன்னா. வித்துடலாம்னேன். ஆனா விக்கிறதுக்கு முன்னாடி ஓட்டிக்கிட்டே இருக்கணும்ல, நின்னா பேட்டரி போயிரும். அதுக்காகத்தான் ஓட்டக் கத்துக்கிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. ஒரு பொம்பளை டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கு, அதுதான் கத்துக் கொடுத்துச்சு. "ஆட்டோமேட்டிக்தானேம்மா, இடது காலுக்கு வேலையே இல்ல, அங்க ஓரமா வச்சுக்கங்க"ன்னுச்சு. எனக்குக் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியல. மடிச்சு சீட்டுக்கு அடியில வச்சுக்குவேன். மரத்துப் போகும்.

மெதுவாப் போறப்ப இது லேசா நடுங்கும், சொல்லிடறேன். முன்ன ஜாஸ்தி, ஆயில் மாத்துனதும் குறைஞ்சிருச்சு. முழுசாப் போகல.

இன்னொண்ணு. போன ஆடியில நான் தனியா அந்த மலைக்குப் போனேன். சும்மாத்தான். ஏத்திட்டு இறங்கினேன். அந்த இறக்கம் வந்துச்சு. எல்-ல போடணும்னு எனக்குத் தெரியும், கையைக் கொண்டு போறேன், அதுக்குள்ள வண்டி தானா பிடிச்சுச்சு தம்பி. இஞ்சின் சத்தம் கிர்ருன்னு ஏறுச்சு, வேகம் இறங்குச்சு. நான் எதையும் தொடல. கியர் இறக்குன மாதிரி, அவரு இறக்குற மாதிரியே, சிந்தாம. "விடுங்க, நான் பார்த்துக்கிறேன்"னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். சொல்லிட்டு நிறுத்தி அழுதேன்.

சர்வீஸ்ல கேட்டா, "அது சாப்ட்வேர்மா, போன சர்வீஸ்ல புதுசா ஏத்தியிருக்கோம். இறக்கம்னு தெரிஞ்சா அதுவே பிடிச்சுக்கும்"னாங்க. சரிப்பான்னு வந்துட்டேன். அதை ஏன் போன கார்த்திகைக்கு முன்னாடி ஏத்தலன்னு கேக்கல. கேட்டு என்ன ஆகப் போகுது? எனக்குப் பேய் பிசாசுன்னு நம்பிக்கையெல்லாம் கிடையாது. வண்டி மிஷினு. அவ்வளவுதான்.

என்ன? வேணுங்கிறீங்களா? கேட்டதுக்கு அப்புறமுமா?

இல்ல, சந்தோசம்தான். சந்தோசம்தான் தம்பி, விக்கத்தானே விளம்பரம் போட்டது. ஓட்டிப் பார்க்காம எப்படிச் சொல்லலாம்? இருங்க, கண்ணாடியை எடுத்துட்டு வந்துடறேன். நானும் வர்றேன். ரோடு எனக்குத் தெரியும்.

ம்... இந்தப் பக்கம் உக்காந்து நாளாச்சு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பட்டனை அழுத்துங்க. டி-யில போடுங்க. கேட்டைத் தாண்டி இடது பக்கம். நாய் குறுக்க வரும், பார்த்து. நல்லாத்தான் ஓட்டுறீங்க. இங்க இருந்து கோரிமேட்டு ரோடு காலியா இருக்கும், மிதிச்சுப் பாருங்க. கேக்குதா? சத்தம் முன்னாடி போவுது பாருங்க. அப்படித்தான். பயப்படாதீங்க, வண்டி பின்னாடியே வந்துரும்.

தம்பி, உங்க இடது காலைக் கொஞ்சம் எடுத்துக்கங்க.

இல்ல, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. அந்த இடத்துல வைக்காதீங்க.

இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். ம். வலிக்கும்ல.